முகத்துக்கு முன் சென்ற குரல்: பாடகர் சார்லி பிறைட்

வானொலி கேட்போர் ஒவ்வொருவரும் அனுபவத்தில் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து எழும் குரலுக்கு உரியவரை நாம் காண்பதில்லை. அவர் நெட்டையரா, குட்டையரா, முதியவரா, இளையவரா, எந்த ஊரினர், எந்த இனத்தவர் என்பன யாவும் நம் கற்பனைக்கு விடப்பட்டவை. குரல் மனத்துக்குப் பிடித்துவிட்டால், அதற்கேற்ற ஒரு முகத்தையும் நாமே வரைந்துகொள்கிறோம். பின்னொரு நாள் அவரை நேரிற் காணும்போது, நாம் வரைந்த முகம் ஒன்றாகவும் அவருடைய முகம் வேறொன்றாகவும் இருக்கக் கண்டு வியப்படைகிறோம். பெரும்பாலும் அந்த வியப்புச் சிரிப்போடு முடிந்துவிடும். ஆனால், அமெரிக்கப் பாடகர் ஒருவருடைய வாழ்க்கையில் அவருடைய எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு கணத்திலேயே தங்கியிருந்தது. அவருடைய பெயர் சார்லி பிறைட்.

'கண்ட்றி' இசை என்று அமெரிக்கர் வழங்குவது, அந்நாட்டின் தென்பகுதிக் கிராமங்களிலும் மலைப்புறங்களிலும் வளர்ந்த நாட்டுப்புற இசையாகும். பிடில், கிற்றார், பாஞ்சோ முதலியன அதன் வாத்தியங்கள். வறுமை, பிரிவு, பயணம், மது, பக்தி, கைகூடாத காதல் முதலியன அதன் பொருள்கள். உழவரும், சுரங்கத் தொழிலாளரும், புகையிரதப் பாதையில் உழைத்தோரும் தம் இன்பதுன்பங்களை எளிய சொற்களிற் கதையாகச் சொல்வது அதன் இயல்பு. 1960களில் இவ்விசை வெள்ளையருக்கே உரியது என்பது அமெரிக்காவிற் பொதுக் கருத்தாக இருந்தது. கறுப்பினத்தவர் புளூஸ் பாடுவர், ஜாஸ் வாசிப்பர், தேவாலயங்களிற் கீதம் இசைப்பர். கண்ட்றி இசைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று இசைத்தட்டு விற்போரும் வாங்குவோரும் ஒருங்கே நம்பினர். சார்லி பிறைட் கறுப்பினத்தவர். ஆயினும், கண்ட்றி இசையையே அவர் தம்முடைய இசையாகக் கொண்டார். அந்த உறவு எங்கே தொடங்கியது என்பதை அறிய, அவர் பிறந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியிலுள்ள சிலெட்ஜ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் அவர் நான்காமவர். தந்தையார் அவருக்குச் 'சார்ல்' என்று பெயர் வைக்கவே எண்ணியிருந்தார். பிறப்புப் பத்திரம் எழுதியவர் செய்த பிழையால் அது 'சார்லி' ஆயிற்று. தந்தையார் மாக் பிறைட் பிறருடைய நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். நிலமும் விதையும் நிலக்காரருடையவை. உழைப்பு மாத்திரமே பயிரிடுவோருடையது. அறுவடைக் காலத்திற் கடனும் வட்டியும் கழிக்கப்பட்ட பின்னர் வாரக்குடியின் கையில் எஞ்சுவது சிறிதே. பிள்ளைகளும் பருத்திக் காட்டில் இறங்கிப் பஞ்சு எடுத்தாலன்றிக் குடும்பம் பிழைக்க வழியில்லை. தோளிலே நீண்ட கோணிப்பையை மாட்டிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் வரிசை வரிசையாக நடப்பதே சிறுவன் சார்லியின் முதற் கல்வியாயிற்று.

அக்காலத்துத் தென்மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டத்தின் வடிவிலேயே நிலவியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். பஸ் வண்டியிலே பின் ஆசனம். உணவுச்சாலைக்குப் பின் வாயில். இவ்வாறு நிலமும் நீரும் நிறத்தால் வகுக்கப்பட்டிருந்த ஊரில், வேலியிட முடியாதிருந்த பொருள் ஒன்று இருந்தது. அது காற்றில் வந்த பாட்டு.

மாக் பிறைட்டின் வீட்டிலே ஒரு பில்கோ வானொலிப் பெட்டி இருந்தது. அதன் விசையைத் திருப்பும் உரிமை தந்தையாருக்கே உரியது. சனிக்கிழமை இரவானதும் அவர் நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். நிலையத்திலிருந்து வந்த 'கிராண்ட் ஓல் ஒப்றி' என்னும் நிகழ்ச்சிக்குப் பெட்டியைத் திருப்புவார். 1925ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்த நிகழ்ச்சி, பலம் மிக்க ஒலிபரப்பியின் உதவியால் மாநிலங்கள் பலவற்றைத் தாண்டிக் கேட்டது. றோய் ஏக்கவ், ஏர்னெஸ்ற் டப், பின்னர் ஹாங்க் வில்லியம்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராகப் பாடகர்கள் அந்தச் சிறிய வீட்டினுள் வந்து போயினர். பகலெல்லாம் பஞ்செடுத்துக் களைத்த சிறுவன் அக்குரல்களைக் கேட்டான். அவர்கள் பாடியவாறே தானும் பாடிப் பார்த்தான். பதினான்காம் வயதிலே தன் உழைப்பிற் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கிற்றாரை வாங்கினான். கற்பிக்க ஆசிரியர் இல்லை, வானொலியே ஆசிரியர். "அவர்களுடைய பாட்டை நீ ஏன் பாடுகிறாய்?" என்ற பொருள்பட அவனுடைய மூத்த சகோதரி கேட்டதுண்டு. அந்தக் கேள்வி அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. வீட்டிலே அன்போடு கேட்கப்பட்ட கேள்வி, பின்னர் வெளியிலே ஐயத்தோடும், சில வேளைகளில் வெறுப்போடும் கேட்கப்பட்டது.

அது உண்மையில் 'அவர்களுடைய' பாட்டுத்தானா? இதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். கண்ட்றி இசையின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோவின் மூலம் ஆபிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைவழியே அவ்வாத்தியம் அமெரிக்காவிற் பிறந்தது. கண்ட்றி இசையின் தலைமகனாகப் போற்றப்படும் ஹாங்க் வில்லியம்ஸ், அலபாமா மாநிலத்தின் தெருக்களிற் பாடித்திரிந்த றூபஸ் பெய்ன் என்னும் கறுப்பினக் கலைஞரிடமே கிற்றார் பழகினார். கிராண்ட் ஓல் ஒப்றி நிகழ்ச்சியின் தொடக்க காலத்து நட்சத்திரங்களுள் ஒருவரான டிபோர்ட் பெய்லி, மவுத் ஓர்கன் வாசிப்பதில் இணையற்ற கறுப்பினத்தவர். 1927இல் அவர் வாசித்து முடித்த ஓர் இரவிலேதான் அறிவிப்பாளர் அந்நிகழ்ச்சிக்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார் என்பது வரலாறு. அதே பெய்லி 1941ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டு, பிறருடைய சப்பாத்துக்களைத் துலக்கும் தொழிலாற் பிழைக்க நேர்ந்தது.

பாட்டு இவ்வாறு இரு இனத்தாரிடையேயும் கலந்து வளர்ந்திருக்க, அதைப் பிரித்தது யார்? 1920களில் இசைத்தட்டுக் கொம்பனிகள் தம் விற்பனை வசதிக்காக இரண்டு பட்டியல்களை வகுத்தன. கறுப்பினத்தவர் பாடியவை ஒரு பட்டியலிலும், தென்னாட்டு வெள்ளையர் பாடியவை மற்றொரு பட்டியலிலும் அச்சிடப்பட்டன. ஒரே ஊரில், ஒரே மெட்டை இருவர் பாடினாலும் இரண்டு பட்டியலிலேதான் இடம். கடைக்காரர் இட்ட வேலியை மக்கள் நாளடைவில் இயற்கையின் வேலி என்று எண்ணிவிட்டனர். சார்லி பிறைட் பிறருடைய வீட்டினுள் நுழைந்தவர் அல்லர். தம் முன்னோரும் சேர்ந்து கட்டிய வீட்டின் கதவைத் தட்டியவர்.

ஆயினும், இளமையில் அவர் கனவு கண்டது பாடகராவதற்கன்று. 1947ஆம் ஆண்டிலே ஜாக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரர், அதுவரை வெள்ளையருக்கு மாத்திரமே திறந்திருந்த அமெரிக்காவின் முதற்றரப் பேஸ்போல் ஆட்டத்தில் இடம்பெற்றார். பருத்திக் காட்டிலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு என்பதைப் பதின்மூன்று வயதுச் சார்லி அன்று கண்டுகொண்டார். 1950களின் தொடக்கத்திலே, கறுப்பின வீரருக்கென அமைந்த சங்கங்களுள் ஒன்றான மெம்பிஸ் றெட் சொக்ஸ் அணியிற் பந்தெறிபவராகச் சேர்ந்தார். கை காயமுற்றதனால் பந்தின் வேகம் குறைந்தது. அணி அணியாக மாறினார். ஒருமுறை அவரையும் மற்றொரு வீரரையும் வேறொரு சங்கத்துக்குக் கொடுத்து, அவர்களுக்கு ஈடாக ஒரு பஸ் வண்டியைப் பெற்றுக்கொண்டது அவர் ஆடிய சங்கம். பிற்காலத்தில் அவர் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

1956இல் அவர் இறோசின் என்னும் மங்கையை மணந்தார். ஈராண்டு இராணுவ சேவையும் கழிந்தது. பேஸ்போல் ஆசை விடாமல் இழுக்க, 1960இலே வடக்கே மொன்டானா மாநிலத்துக்குச் சென்றார். பனியும் மலையும் சூழ்ந்த அந்த மாநிலத்திற் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. ஹெலினா நகருக்கு அண்மையில் ஈயம் உருக்கும் ஆலையொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. உலையின் முன்னின்று நிலக்கரி வாரிக் கொட்டும் கடுந்தொழில் அது. ஆலைத் தொழிலாளரின் பேஸ்போல் அணியிலும் அவர் ஆடினார். அவர் பாடக் கேட்ட அணித் தலைவர், ஆட்டம் தொடங்குமுன் கால் மணி நேரம் பாடினால் ஆடுவதற்குரிய பத்து டொலரோடு மேலும் பத்து டொலர் தருவதாகக் கூறினார். மைதானத்திற் சனம் கூடியது. இரவிலே விடுதிகளிற் பாட்டு, பகலிலே உலை, ஓய்வு நாளிலே பந்து. இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தன.

1962இல் றெட் பொலி, றெட் சோவைன் என்னும் புகழ் பெற்ற பாடகர் இருவர் மொன்டானாவுக்கு வந்தபோது அவருடைய பாட்டைக் கேட்டு, நாஷ்விலுக்கு வருமாறு ஊக்கினர். அவரோ அப்போதும் பந்தையே நம்பியிருந்தார். அடுத்த ஆண்டளவிலே நியூயோர்க் மெற்ஸ் அணியிற் சேர முயன்று புளொறிடாவரை சென்றார். அவர்கள் அவரை ஏற்கவில்லை. திரும்பும் வழியிலேதான் நாஷ்விலில் இறங்கினார். அங்கே ஜாக் ஜோன்சன் என்பவர் அவருடைய குரலைக் கேட்டு, அவருடைய அலுவல்களைக் கவனிக்கும் முகாமையாளராக இசைந்தார். பந்தெறியும் கை ஏமாற்றிய இடத்திலே பாடும் தொண்டை கைகொடுத்தது.

அது எத்தகைய குரல்? தாழ்ந்த ஸ்தாயியில் நின்று, பதற்றமின்றி, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகவும் கனிவாகவும் உச்சரிக்கும் குரல். தென்னாட்டுக் கிராமத்தின் பேச்சு வாடை அதில் இயல்பாகவே கலந்திருந்தது. முகம் அறியாமற் கேட்பவர், தம் ஊர் உழவர் ஒருவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பாடுகிறார் என்றே எண்ணுவர். அப்படி எண்ணுவதில் தவறும் இல்லை. அவர் உழவர் மகனே.

1965ஆம் ஆண்டிலே ஜாக் கிளெமென்ற் என்னும் இசைத் தயாரிப்பாளர் அவரைக் கொண்டு இரண்டு பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்தார். கொம்பனிகள் சில அதை ஏற்கத் தயங்கின. ஈற்றில், சிறந்த கிற்றார் கலைஞரும் ஆர்.ஸீ.ஏ. கொம்பனியின் நாஷ்வில் பொறுப்பாளருமான செற் அற்கின்ஸ் அவ்வொலிப்பதிவை எடுத்துக்கொண்டு கலிபோர்ணியாவில் நடந்த கொம்பனி அதிகாரிகளின் கூட்டத்துக்குச் சென்றார். முதலிற் பாட்டைப் போட்டுக் காட்டினார். எல்லோரும் மெச்சினர். அதன் பின்னரே, பாடியவர் கறுப்பினத்தவர் என்பதைக் கூறினார். அறையில் அமைதி நிலவியது. ஆயினும், பாட்டு நன்று என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோர் தம் சொல்லை எவ்வாறு மீட்பது? உடன்படிக்கை எழுதப்பட்டது.

1966ஆம் ஆண்டின் தொடக்கத்திலே முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வழக்கமாகப் புதிய பாடகரின் தட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்படும்போது அவருடைய படமும் கூடவே செல்லும். இத்தட்டுடன் படம் செல்லவில்லை. 'கண்ட்றி சார்லி பிறைட்' என்ற பெயர் மட்டுமே சென்றது. இந்தச் செயலை எவ்வாறு மதிப்பிடுவது? காலத்தை நோக்கினால் காரணம் விளங்கும். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் நிறைவேறி அப்போது அரையாண்டுகூட முற்றாகவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் மணம் புரிவதைத் தடுக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் நிலவின. 1967 ஜூன் மாதத்திலேதான் உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று தீர்த்தது. கண்ட்றி பாடகரின் தொழிலோ காதற் பாட்டுப் பாடுவது. கறுப்பின ஆண்மகன் ஒருவன் வெள்ளையர் கூடிய சபையில் நின்று காதற் பாட்டுப் பாடுவதைச் சிலர் குற்றமாகவே கருதக்கூடிய காலம் அது. ஆகவே, பாட்டே முதலிற் பேசட்டும் என்று கொம்பனி விட்டுவிட்டது.

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் ஒரு புண் உண்டு. தம் முகத்தைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தம் குரலை மட்டும் முன்னே அனுப்ப வேண்டியிருந்த மனிதனின் மனம் எப்படி இருந்திருக்கும்? அவர் அதைப் பற்றி அதிகம் முறையிடவில்லை. முகத்தையும் நெடுங்காலம் மறைக்க இயலவில்லை. மறைக்க அவர் விரும்பவும் இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த நீள்தட்டின் உறையிலே அவருடைய படம் இருந்தது. மூன்றாவது தட்டு நாட்டின் முதற் பத்துப் பாட்டுக்களுள் ஒன்றாயிற்று. மேடை அவரை அழைத்தது.

தொடக்க நாட்களில் டெட்றோயிற் நகரத்துப் பேரரங்கொன்றில் நடந்தது பலராலும் சொல்லப்படுவது. சுமார் 10,000 பேர் கூடியிருந்தனர். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும், வானொலியிற் கேட்டுப் பழகியோர் பலத்த கரகோஷம் செய்தனர். சார்லி பிறைட் மேடைக்கு வந்தார். கரகோஷம் சட்டென்று அடங்கியது. அத்தனை பெரிய அரங்கில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்கும். அவர் கோபிக்கவில்லை, கூசவும் இல்லை. வெயிலிற் காய்ந்து கறுத்து, அந்த நிறம் என்றும் போகாத ஒருவர் கண்ட்றி பாட்டுப் பாட வந்து நிற்பது தங்களுக்கு விந்தையாகத்தான் இருக்கும் என்ற கருத்துப்பட ஒரு பகடி சொன்னார். சபை சிரித்தது. பின்னர் அவர் பாடத் தொடங்கினார். பாட்டு முடிந்தபோது முன்னைய கரகோஷத்தினும் பெரிய கரகோஷம் எழுந்தது. அதன் பின்னர் பல ஊர்களிலும் அந்தப் பகடியே அவருக்குத் திறவுகோலாயிற்று. சபையோரின் மனத்திலுள்ள கேள்வியைத் தாமே முதலில் எடுத்துச் சொல்லி, அதைத் தாமே சிரிப்பாக மாற்றிவிட்டு, பாட்டினுள் அவர்களை அழைத்துச் செல்வதே அவருடைய வழி.

சக கலைஞருள்ளும் அவரை ஏற்கத் தயங்கியவர்கள் இருந்தனர். அவர்களுட் சிலர், நேரிற் கூடியிருந்து பாடிய ஓர் இரவின் பின்னர் உற்ற நண்பராயினர். வில்லி நெல்சன் தொடக்கத்திலேயே தோழமை காட்டியவர். டாலஸ் நகரத்து மேடையொன்றிலே, முணுமுணுத்த சபையின் முன் அவர் பிறைட்டை முத்தமிட்டு வரவேற்றார். 1967 ஜனவரி மாதத்தில் சார்லி பிறைட் கிராண்ட் ஓல் ஒப்றி மேடையில் முதன்முறையாகத் தோன்றினார். டிபோர்ட் பெய்லி நீக்கப்பட்டபின் அங்கே பாடிய முதற் கறுப்பினக் கலைஞர் அவரே என்பர். அவரைச் சபைக்கு அறிமுகஞ் செய்தவர் ஏர்னெஸ்ற் டப். சிலெட்ஜ் ஊரின் சிறிய வீட்டிலே, தந்தையாரின் பில்கோ பெட்டியிற் சிறுவன் கேட்ட அதே குரல், இப்போது அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தது.

அதன் பின்னர் வெற்றி விரைந்து வந்தது. 1969இல் அவருடைய பாட்டொன்று கண்ட்றி இசைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. 1971இல் வெளிவந்த 'கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மோர்னிங்' என்னும் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. கணவன் ஒருவன் தன் மகிழ்ச்சியின் இரகசியத்தைச் சொல்லும் எளிய இல்லறப் பாட்டு அது. அவ்வாண்டிலே கண்ட்றி இசைச் சங்கம் அவரை அவ்வாண்டின் தலைசிறந்த கலைஞராகவும் தலைசிறந்த ஆண் பாடகராகவும் தெரிவுசெய்தது. இரண்டாவது விருது 1972இலும் அவருக்கே கிடைத்தது. 1969 முதல் 1983 வரை அவருடைய 29 பாட்டுக்கள் முதலிடம் பெற்றன. எல்விஸ் பிறெஸ்லியை அடுத்து ஆர்.ஸீ.ஏ. கொம்பனியின் தட்டுக்களை மிகுதியாக விற்றுத் தந்தோர் வரிசையில் அவர் நின்றார்.

எனினும், புகழ் மட்டும் பேசி விடைபெறுவது அவருக்கு நீதி செய்வதாகாது. உரிமைப் போராட்டம் கொதித்த அந்த ஆண்டுகளில் அவர் மேடையில் அரசியல் பேசவில்லை. தம்மைக் கறுப்பினப் பாடகர் என்று அடைமொழியிட்டு அழைப்பதையும் விரும்பவில்லை. தாம் ஓர் அமெரிக்கர், பாடகர், அவ்வளவே என்பது அவருடைய நிலை. அவர் பேசியிருக்க வேண்டும் என்று குறை கூறியோர் உண்டு. அந்தப் பகடிகூட, சபையின் பிழையைச் சபைக்கு உணர்த்தாமல் மன்னித்துவிடுகிறது என்று கருதுவோரும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், அந்தச் சபையின் முன் தனியனாக நின்றவர் அவர். ஒவ்வோர் இரவும் ஒரு புதிய ஊரில், ஒரு புதிய மௌனத்தின் முன்னே, அவர் தம்மைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. அது மனத்தைத் தேய்க்காமல் விடுமா? தம்மை வாட்டிய மன நோயைப் பற்றி 1994இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் அவர் மறைக்காமல் எழுதினார். சில காலம் எல்லையற்ற உற்சாகமும் சில காலம் ஆழ்ந்த சோர்வுமாக மாறி மாறி வரும் நோய் அது. ஆண்கள் அத்தகைய நோயை வெளியிற் சொல்ல நாணிய காலத்தில், அதைச் சொன்னது அவருடைய மற்றொரு துணிவு.

அவருடைய பாட்டின் பயன் அமெரிக்காவுக்கு அப்பாலும் சென்றது. 1970களில் வட அயர்லாந்திலே கத்தோலிக்கருக்கும் புறொட்டஸ்தாந்தருக்கும் இடையே எழுந்த கலகம் நாள்தோறும் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. 1975 ஜூலையில், கச்சேரி முடித்துத் திரும்பிய இசைக் குழுவொன்றின் கலைஞர் மூவர் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே செல்ல அஞ்சினர். 1976இல் சார்லி பிறைட் பெல்பாஸ்ற் நகருக்குச் சென்று பாடினார். தெருக்களில் ஒருவரையொருவர் நம்பாத இரு சமயத்தாரும் ஒரே அரங்கில் அருகருகே அமர்ந்து கேட்டனர். அவர் பாடிய 'கிறிஸ்ரல் சாண்டலியர்ஸ்' என்னும் பாட்டு, இரு பகுதியினரும் சேர்ந்து பாடும் பாட்டாக அந்நாட்டில் நிலைத்தது. பிரித்து வைக்கப்பட்ட மக்களிடையே எப்படி நிற்பது என்பதை மிசிசிப்பியிற் கற்ற மனிதருக்கு, பெல்பாஸ்ற் நகரம் முற்றிலும் அந்நியமாக இருந்திராது.

1993இல் அவர் கிராண்ட் ஓல் ஒப்றியின் நிரந்தர அங்கத்தவராக ஏற்கப்பட்டார். டிபோர்ட் பெய்லிக்குப் பின் அந்த இடத்தைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். இருவருக்குமிடையே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. 2000ஆம் ஆண்டில் கண்ட்றி இசையின் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது. ஆனால், அவர் திறந்த கதவினூடாக உடனே பலர் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் அவருடைய கடைசி முதலிடப் பாட்டுக்குப் பின்னர், மற்றொரு கறுப்பினப் பாடகர் அந்த இடத்தைத் தனியாகப் பெற 25 ஆண்டுகள் சென்றன. ஒருவரை ஏற்றுக்கொண்டு, அவர் ஒருவரோடு கணக்கை முடித்துவிடுவதும் சமூகங்களின் வழக்கமே.

2020 நவம்பரில், நாஷ்வில் நகரில், வாழ்நாட் சாதனைக்குரிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஜிம்மி அலன் என்னும் இளைய கறுப்பினப் பாடகரோடு சேர்ந்து தம் புகழ் பெற்ற பாட்டை அவர் அந்த மேடையிற் பாடினார். அடுத்த மாதம் 12ஆம் நாள், கொரோனாத் தொற்று நோயினால், தமது 86ஆம் வயதில் டாலஸ் நகரிற் காலமானார்.

1980இல் அவர் ஹாங்க் வில்லியம்சின் பாட்டுக்களையே பெரும்பாலும் கொண்ட நீள்தட்டொன்றை வெளியிட்டிருந்தார். அலபாமாத் தெருவிலே ஒரு கறுப்பினக் கலைஞர் ஒரு வெள்ளைச் சிறுவனுக்குக் கற்பித்தது, அச்சிறுவன் வளர்ந்து பாடியபோது காற்றிலேறி, மிசிசிப்பிப் பருத்திக் காட்டோரத்துக் கறுப்பினச் சிறுவனிடம் வந்து சேர்ந்தது. அவன் அதை மீண்டும் பாடி உலகுக்குத் திருப்பிக் கொடுத்தான். "அவர்களுடைய பாட்டை நீ ஏன் பாடுகிறாய்?" என்று மூத்த சகோதரி கேட்ட கேள்விக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை. பில்கோ பெட்டியின் அருகே அமர்ந்திருந்த அந்தச் சிறுவனுக்கு அது என்றைக்கும் அவர்களுடைய பாட்டாக இருந்ததில்லை. வீட்டிலே கேட்ட பாட்டாகவே இருந்தது.